துடைத்தாலும் திரும்ப வரும் பூஞ்சை: தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள்

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்ததும், கடலோர ஊர்களில் பல வீடுகளில் ஒரே காட்சிதான். படுக்கையறை மூலையில் கறுப்புப் புள்ளிகள். பீரோவைத் திறந்தால் மக்கல் வாடை. பட்டுப்புடவை மடிப்பில் வெள்ளைத் திட்டு. மூலையில் கிடந்த தோல் செருப்பின் மேல் பச்சையாக ஒரு படலம்.

“போன தீபாவளிக்குத்தானே பெயின்ட் அடிச்சோம், அதுக்குள்ள இப்படியா?” என்று வீட்டில் பேச்சு எழும். கடையில் ஏதோ ஒரு திரவத்தை வாங்கி வந்து அழுத்தித் துடைப்போம். சுவர் பளிச்சென்று ஆகிவிடும். பத்து, பதினைந்து நாளில் அதே இடத்தில் அதே புள்ளிகள் திரும்ப வந்து நிற்கும்.

காரணம் எளிமையானது. நாம் துடைத்தது பூஞ்சையை. அதை வளர்த்த தண்ணீர் இன்னும் அங்கேயே இருக்கிறது. அந்தத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கையில் இருக்கும் கைபேசி, ஒரு பென்சில், ஒரு பிளாஸ்டிக் தாள் போதும்.

பூஞ்சைக்கு என்ன வேணும்?

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை வீட்டுக்குள் வராமல் தடுக்க யாராலும் முடியாது. அவை தின்பதற்குக் காகிதம், துணி, தோல், மரம், சுவரில் படிந்த தூசி என்று எல்லாம் நம் வீட்டில் உண்டு. நமக்கு இதமான வெப்பம் அவற்றுக்கும் இதம்தான். பாக்கி இருப்பது ஈரம் ஒன்றுதான். நம் கட்டுப்பாட்டில் இருப்பதும் அது ஒன்றுதான்.

இரண்டு அளவுகளை நினைவில் வைத்தால் போதும். ஒன்று, வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பரவுவது கடினம். இரண்டு, நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் அதில் பூஞ்சை பிடிக்காது.

நம் கடற்கரையில் இது சவாலான காரியம் என்பது உண்மைதான். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஆண்டு மழையில் ஏறக்குறைய 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களில் வெயிலும் குறைவு. அதனால் நனைவது வேகமாகவும் காய்வது மெதுவாகவும் நடக்கிறது.

தண்ணீர் வரும் நாலு வழி

1. மேலிருந்து. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கினாலோ, தட்டோடுகளின் இணைப்பில் விரிசல் விட்டிருந்தாலோ, மேல்தளத்தில் திட்டுத் திட்டாக ஈரம் தெரியும். மழை பெய்த அன்றோ மறுநாளோ திட்டு பெரிதாகும். மழை விட்டால் மெல்லச் சுருங்கும். மாடியில் தரையோடு ஒட்டி வைத்த பூந்தொட்டிகளுக்கு நேர் கீழே ஈரம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

2. கீழிருந்து. இதைத்தான் ‘ஓதம் ஏறுது’ என்கிறோம். அஸ்திவாரத்து ஈரம் சுவர் வழியாக மேலே ஏறும். பொதுவாகத் தரையிலிருந்து 3 அடி உயரம் வரை ஒரு பட்டைபோலத் தெரியும். பெயின்ட் கொப்பளித்து உதிரும். தெருவில் சாலை போடும்போதெல்லாம் மட்டம் உயர்ந்து, வீடு பள்ளத்துக்குப் போயிருந்தால் இந்தத் தொல்லை கூடும்.

3. சுவருக்குள்ளிருந்து. குளியலறை, சமையலறைச் சுவருக்குள் ஓடும் குழாயில் சின்னக் கசிவு இருந்தால், மறுபக்கத்து அறையில் ஈரம் தெரியும். இதற்கு மழைக்காலம், வெயில்காலம் என்ற பேதம் கிடையாது. சித்திரையிலும் சுவர் ஈரமாக இருந்தால் முதலில் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

4. காற்றிலிருந்து. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம். வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், அந்த அறைக் காற்றில் மட்டும் ஏறக்குறைய 800 மில்லி தண்ணீர் ஆவியாக இருக்கிறது. அந்தக் காற்று 26 டிகிரியோ அதற்குக் குறைவாகவோ குளிர்ந்திருக்கும் பரப்பைத் தொட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பதுபோல அங்கே நீர் படியும். ஏசி அறைச் சுவரின் மறுபக்கத்தில், ஏசி இல்லாத அறையில் பூஞ்சை பிடிப்பது இதனால்தான். சுவரோடு ஒட்டி வைத்த பீரோவின் முதுகுப்புறமும் அப்படித்தான். அங்கே காற்று போகாது, படிந்த ஈரமும் காயாது. இதற்கு மேல், மழைக்காலத்தில் அறைக்குள் கொடி கட்டி ஒரு வாளி துணியைக் காயப்போட்டால், அதில் இருக்கும் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரும் அறைக் காற்றில்தான் சேர்கிறது.

ஒரு வீட்டில் இரண்டு வழிகளும் சேர்ந்தே இருக்கலாம். அதனால் ஊகிக்காமல் சோதித்துப் பாருங்கள்.

கண்டுபிடிக்க நாலு எளிய சோதனை

பென்சில் கோடு: ஈரத் திட்டின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். கைபேசியில் படம் எடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். திட்டு மழையோடு வளர்கிறதா, மழை இல்லாமலும் வளர்கிறதா என்று தெரிந்துவிடும். பின்னால் கொத்தனாரிடமோ வீட்டு உரிமையாளரிடமோ பேசும்போது இந்தப் படங்கள்தான் உங்கள் சாட்சி.

பிளாஸ்டிக் தாள்: ஒன்றரை அடிச் சதுரத்தில் கெட்டியான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் காற்று புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் ஈரமாக இருந்தால் அது காற்றிலிருந்து படிகிறது.

தொட்டி அளவு: இரவு எல்லாரும் படுக்கப் போகும் முன் வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டு, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

ஒரு சொட்டுத் தண்ணீர்: சுவரில் வெள்ளையாகப் பஞ்சுபோலப் பூத்திருந்தால் அது பூஞ்சையாக இல்லாமல் உப்பாகவும் இருக்கலாம். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. உப்பு பூப்பது சுவருக்குள் தண்ணீர் நடமாட்டம் இருக்கிறது என்பதன் அடையாளம். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் ஈரப்பதம் எவ்வளவு என்று அறிய ஒரு சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்கி வைக்கலாம். வானிலைச் செயலியில் தெரியும் ஈரப்பதம் வெளிக்காற்றினுடையது. எப்போது சன்னலைத் திறக்கலாம் என்று முடிவு செய்ய அது உதவும்.

எந்த வழிக்கு என்ன வைத்தியம்?

மாடி: புரட்டாசி முடிவதற்குள் மாடியைக் கூட்டி, மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் அடைந்த இலைதழைகளை எடுங்கள். இந்த ஒரு வேலைக்குக் காசு செலவே இல்லை. பூந்தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். நீர்க்காப்புப் பூச்சு அடிப்பதாக இருந்தால் சித்திரை, வைகாசி வெயிலில் தளம் நன்றாகக் காய்ந்த பிறகு செய்யுங்கள். மழைக்கு நடுவே ஈரத் தளத்தில் அடித்த பூச்சு நிற்காது. காசுதான் போகும்.

ஓதம்: இதற்கு மேல்பூச்சு தீர்வு ஆகாது. உள்ளே ஈரம் இருக்க, வெளியே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் அது கொப்பளித்து உதிரும். மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால் ஓதம் டைல்ஸுக்கு மேலே போய்த் தலைகாட்டும். முதலில் வெளியே பாருங்கள். சுவரோரம் மண் மேடிட்டிருந்தால் வெட்டி இறக்குங்கள். மழைநீர் சுவரிலிருந்து விலகி ஓடும்படி சரிவாகத் தளம் போடுங்கள். அதன்பிறகும் ஏறினால், சுவருக்குள் ஈரத்தடுப்பு வேதிப்பொருள் செலுத்துவது பற்றிக் கட்டடப் பொறியாளரிடம் கேளுங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் தெருவில் மேலே மேலே போடுகிறார்கள் என்றால், வேலை நடக்கும்போதே படம் எடுத்துப் புகார் செய்யுங்கள்.

குழாய்: டைல்ஸ் இடுக்குகளில் பூச்சு உதிர்ந்திருந்தால் அடைப்பது முதல் படி. அதில் நிற்காவிட்டால் பிளம்பரை வைத்துக் குழாயில் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். அடுக்குமாடியில் மேல்வீட்டுக் குளியலறைதான் காரணம் என்றால், சண்டைக்குப் போகும் முன் பென்சில் கோட்டுப் படங்களைக் காட்டிப் பேசுங்கள்.

காற்று: பீரோ, கட்டில், அலமாரி எதுவும் வெளிச்சுவரை ஒட்டி இருக்க வேண்டாம். நாலு விரல் இடைவெளி விடுங்கள். குளித்து முடித்ததும், சமைக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். மழை இல்லாத நாளில் முற்பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். விடியற்காலையில் வெளிக்காற்றில் ஈரப்பதம் அதிகம். அந்த நேரத்துக்கு இது பலன் தராது. துணியை உள்ளேதான் காயப்போட வேண்டும் என்றால் ஒரே அறையில், கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து, மின்விசிறி போட்டுக் காயவையுங்கள். படுக்கையறையில் வேண்டாம். ஏசியில் ‘டிரை’ முறை இருந்தால் மழை நாட்களில் அதைப் பயன்படுத்தலாம். ஏசி ஓடும்போது கதவு, சன்னல் மூடியிருக்கட்டும்.

அந்துருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை உறிஞ்சாது. சாம்பிராணிப் புகை வாடையை மறைக்கும், பூஞ்சையைப் போக்காது. இரண்டையும் நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

எப்படித் துடைப்பது?

பாதிப்பு 3 அடிக்கு 3 அடி அளவுக்குள் இருந்தால் நாமே சுத்தம் செய்யலாம். அதற்கு மேல் போனாலோ, சாக்கடை நீர் புகுந்திருந்தாலோ அனுபவமுள்ள ஆட்களிடம் விடுவது நல்லது.

முதலில் என்95 முகக்கவசம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். காய்ந்த சுவரைத் துடைப்பத்தால் தட்டவே கூடாது. சோப்புத் தண்ணீரால் நனைத்து, பிறகு தேய்த்துத் துடையுங்கள். அன்றைக்கே மின்விசிறி போட்டு முழுக்கக் காயவிடுங்கள். பெரும்பாலான இடங்களுக்கு இதுவே போதும்.

சிலர் பிளீச்சிங் பவுடர் கரைசல் பயன்படுத்துகிறார்கள். அதோடு கழிப்பறை கழுவும் ஆசிட்டையோ, அம்மோனியா உள்ள திரவத்தையோ எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் ஈரம் இருந்தால் தொடாதீர்கள். கை காய்ந்திருக்கிறதா, நிற்கும் இடம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பூஞ்சை பிடித்த பஞ்சுத் தலையணை, மெத்தையை மனசே இல்லாவிட்டாலும் கழித்துவிடுங்கள். உள்ளே போன பூஞ்சையை எடுக்க முடியாது.

குழந்தைகள், முதியவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் சுத்தம் செய்யும்போது அந்த அறையில் இருக்க வேண்டாம். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் அதிகம் காணப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. குழந்தைக்கு இருமலும் மூச்சிரைப்பும் வீட்டில் இருக்கும்போது கூடி, வெளியூர் போனால் குறைகிறது என்றால், அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். 2021இல் நாம் கேள்விப்பட்ட ‘கருப்பு பூஞ்சை’ நோய் வேறு. சுவரின் நிறத்தைப் பார்த்து அந்த நோய் என்று பயப்பட வேண்டாம். ஆனால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் பூஞ்சை துடைக்கும் வேலையிலிருந்து ஒதுங்கி இருக்கட்டும்.

பத்திரங்களை மறக்காதீங்க

சுவரை மறுபடி பூசலாம். வீட்டுப் பத்திரம் மக்கினால்? பல வீடுகளில் கிரயப் பத்திரமும் மதிப்பெண் சான்றிதழும் சுவரோடு ஒட்டிய பீரோவின் அடித்தட்டில்தான் இருக்கின்றன. பூஞ்சையும் வெள்ளமும் முதலில் தொடுவது அந்த இடத்தைத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, இழந்த ஆவணங்களுக்கு நகல் கொடுக்கச் சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது.

அதனால் மேல்தட்டுக்கு மாற்றுங்கள். இறுக மூடும் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நன்றாகக் காய்ந்த நாளில் மட்டும் மூடுங்கள். ஈரக் காகிதத்தை உள்ளே வைத்து மூடினால் நாமே பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்ததுபோல ஆகும். லேமினேஷன் வேண்டாம். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறாது, பிறகு பிரிக்கவும் முடியாது.

நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், இஸ்திரிப் பெட்டியும் வைக்காதீர்கள். நிழலில், காகிதத்தின் மேல் நேராகப் படாதபடி மின்விசிறி போட்டு, இடையிடையே மை ஒற்றும் தாளோ வெள்ளைத் தாளோ வைத்துக் காயவையுங்கள். இரண்டு நாளில் காயவைக்க முடியாத அளவுக்கு நிறைய இருந்தால், பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். பூஞ்சை வளர்ச்சி நின்றுவிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம்.

இன்றைக்கே எல்லா ஆவணங்களையும் படம் எடுத்து வையுங்கள். டிஜிலாக்கரில் ஒரு வேறுபாடு உண்டு. துறைகள் நேரடியாக வழங்கிய ஆவணங்கள் அசலுக்கு இணையானவை. நாமே படம் எடுத்து ஏற்றியவை வெறும் பிரதிகள்தான். அதனால் ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை ‘வழங்கப்பட்டவை’ பகுதி வழியாகவே பெறுங்கள். கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பதிவுத்துறையில் பெறலாம். பட்டா, சிட்டாவை வருவாய்த்துறையின் இணைய சேவையிலோ இ-சேவை மையத்திலோ எடுக்கலாம். ஆனால் வங்கியில் வீட்டின்மேல் கடன் கேட்டால் அசல் பத்திரத்தைத்தான் கேட்பார்கள். நகல் கிடைக்கும் என்று அசலை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள்.

வாடகை வீடு என்றால்?

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாடு சட்டம், 2017, பழுதுபார்க்கும் பொறுப்பைப் பிரித்துச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, கட்டமைப்புப் பழுது, சுவர் வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது, வடிகால் அடைப்பு எடுப்பது போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. அதனால் ஓதமும் மாடிக் கசிவும் தெரிந்த உடனே, தேதியோடு படங்களை எழுத்துமூலம் உரிமையாளருக்கு அனுப்புங்கள். வீடு காலி செய்யும் நாளில் ‘நீங்கதான் சுவரைக் கெடுத்தீங்க’ என்று முன்பணத்தில் பிடிக்கும் பேச்சு வந்தால், அந்தப் படங்கள் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கைபேசியில் சேமித்து வைக்க:
சென்னை மாநகராட்சி (சாலை, மழைநீர் வடிகால்): 1913
சென்னைக் குடிநீர் வாரியம் (தெருக்குழாய், கழிவுநீர்க் கசிவு): 044-4567 4567
மின்னகம் (மின்சாரப் புகார்): 94987 94987
மருத்துவ ஆலோசனை: 104
முதலமைச்சரின் உதவி மையம் (மாநிலம் முழுவதும்): 1100

பொங்கலுக்கு முன் வீட்டை ஒழித்து, தட்டுமுட்டுச் சாமானை வெளியே எடுத்து, சுண்ணாம்பு அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. மழைக்காலம் முடிகிற நேரம் அது. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் வளராது. ஈரத்தைச் சுவருக்குள் பூட்டியும் வைக்காது. இப்போதைய பிளாஸ்டிக் பெயின்டுக்கு அந்தக் குணம் இல்லை. அதனால் போகிக்கு முன் வீட்டை ஒழியுங்கள், சுவரைத் துடையுங்கள், காயவிடுங்கள். பெயின்ட் டப்பாவை மாசி, பங்குனிக்கு ஒத்திப்போடுங்கள். பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்து, அது ஒரு நாள் முழுக்கக் காய்ந்தபடியே இருந்தால் பிரஷைக் கையில் எடுக்கலாம்.

இன்றைக்கு ஒரே ஒரு வேலை: பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் நகர்த்துங்கள். அதன் முதுகுப்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள்.